கடற்பஞ்சுக்கும் பசிக்கும்

பவளத் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு யோசனை தவறாமல் வரும். கடற்பஞ்சு, விசிறிப் புழு, சிப்பி என்று இரண்டு மூன்றை வாங்கி உள்ளே விடுங்கள், அவை தண்ணீரை வடிகட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், தனியாகத் தீனி எதுவும் வேண்டாம் என்பார்கள். இதை நம்பி, கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் பத்திரமாகக் கொண்டுவரப்பட்ட எத்தனையோ செம்மஞ்சள் கடற்பஞ்சுகள் சில வாரங்களிலேயே வெளிறி, ஓரம் கரைந்து, கடைசியில் நாற்றமெடுத்து வெளியே போயிருக்கின்றன. தண்ணீர் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் தண்ணீரில் குறை இருந்திருக்காது. அந்த உயிர் பட்டினி கிடந்து செத்திருக்கும்.

வடிகட்டி உண்ணும் உயிர்களைத் தொட்டியின் வடிகட்டியாக நினைப்பதுதான் இங்கே நடக்கும் பிழை. அவை உபகரணம் இல்லை. சாப்பாடு தேவைப்படும் விலங்குகள். அதுவும், மீனைப் போல ஒரு நாளைக்கு ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாத விலங்குகள்.

யார் இந்த வடிகட்டி உண்ணிகள்?

தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணிய உணவைத் தன் உடலாலேயே பிரித்தெடுத்துத் தின்னும் விலங்கை வடிகட்டி உண்ணி என்கிறோம். கடற்பஞ்சு, குழாய்க்குள் இருந்து பூப்போல விரியும் விசிறிப் புழு, மட்டி, சிப்பி, பை போல உட்கார்ந்து நீரை உறிஞ்சி வெளியே விடும் அசிடியன் எல்லாம் இதில் அடங்கும். மன்னார்க் கடலில் தலைமுறை தலைமுறையாகக் குளித்தெடுத்த முத்துச் சிப்பியும் இப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தது.

கடற்பஞ்சு செடி மாதிரி அசையாமல் இருப்பதால் பலர் அதை ஒரு தாவரமாகவே பார்க்கிறார்கள். அது விலங்குதான். வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை, இதயம் இல்லை. ஆனாலும் நாள் முழுக்கச் சாப்பிடுகிறது.

அளவுதான் முதல் விஷயம்

தேயிலை ஃபேக்டரிக்குள் போனவர்களுக்குச் சலிக்கும் இடம் தெரியும். காய்ந்த தூள், ஆடிக்கொண்டே இருக்கும் சல்லடைகளின் மேல் ஓடும். ஒரு கண்ணியில் பி.ஓ.பி. பிரியும், அதைவிடச் சின்னதில் பி.ஓ.பி.எஃப்., கடைசியில் டஸ்ட். எல்லாம் ஒரே கொழுந்திலிருந்து வந்ததுதான். அளவு மாறினால் தரத்தின் பெயரும் மாறும், வாங்குகிற ஆளும் மாறுவார். கடல் நீரில் மிதக்கும் சாப்பாடும் இப்படித்தான் அளவு அளவாக இருக்கிறது. ஒவ்வொரு உயிரும் தனக்கான அளவை மட்டுந்தான் எடுக்கும்.

இந்த அளவுகளை மைக்கிரோமீற்றரில் சொல்வார்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்கிரோமீற்றர். கடல் நீரில் வாழும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் ஒரு மைக்கிரோமீற்றர் அல்லது அதற்கும் கீழே. அதற்கு அடுத்து தாவர மிதவையுயிர்கள் வருகின்றன. வெளிச்சத்தில் உணவு தயாரித்துக்கொண்டு நீரில் மிதக்கும் நுண்ணிய அல்காக்கள் இவை. போத்தலில் விற்கும் நனோகுளோரோப்சிஸ் 2 முதல் 3 மைக்கிரோமீற்றர், ஐசோகிரைசிஸ் 4 முதல் 6, டெட்ராசெல்மிஸ் ஏறத்தாழ 10. இவற்றைத் தின்று வாழும் சின்ன விலங்குகள் விலங்கு மிதவையுயிர்கள். ரொட்டிஃபர் 100 முதல் 300 மைக்கிரோமீற்றர் வரும். பொரித்தவுடன் ஆர்ட்டீமியாக் குஞ்சு அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

மீனுக்குப் போடும் செதில் தீனியை விரல்களுக்கு இடையில் எவ்வளவு நசுக்கினாலும் கடற்பஞ்சுக்கு அது பாறாங்கல்தான். மீன் தின்று மிஞ்சுவது போதும் என்ற பேச்சு இந்த இடத்திலேயே உடைந்துபோகிறது. மிஞ்சுவது இருக்கும், ஆனால் அது வேறொருவருக்கான சாப்பாடு.

சரி, ஃபேக்டரிச் சல்லடை இதுவரைதான் நமக்கு உதவும். சல்லடை தன் கண்ணியைவிடப் பெரியதை மட்டுமே நிறுத்தும். இந்த விலங்குகள் தாங்களே நீரை இழுக்கின்றன, பிசின் போன்ற சளியில் ஒட்டவைத்துப் பிடிக்கின்றன, பிடித்ததில் வேண்டாததைத் துப்பியும் விடுகின்றன.

இதுவரை பார்த்ததில் இரண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டி உண்ணி ஒரு விலங்கு. அதற்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்பதை, தொட்டியில் எவ்வளவு உணவு மிதக்கிறது என்பதைவிட எந்த அளவில் மிதக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

கடற்பஞ்சின் உள்ளே

கடற்பஞ்சின் வெளித்தோல் முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். அவற்றின் வழியாக நீர் உள்ளே போகிறது. உள்ளே கால்வாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து சின்னச் சின்ன அறைகளில் முடிகின்றன. அந்த அறைகளின் சுவரில்தான் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள்: கழுத்துப்பட்டிக் கலங்கள். ஒவ்வொரு கலத்திலும் ஒரு நீண்ட வால், சவுக்குமுளை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தது, ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். அதன் அடியைச் சுற்றி மெல்லிய விரல்கள் போன்ற இழைகள் ஒரு வட்டமாக நிற்கும். அதுதான் கழுத்துப்பட்டி. சவுக்குமுளை அடிக்கும்போது நீர் அந்த இழைகளுக்கு இடையே புகுந்து போகிறது, பற்றீரியா மாதிரி நுண்ணியவை வெளிப்பக்கத்தில் தங்கிவிடுகின்றன. கலம் அதை அப்படியே விழுங்கிக்கொள்கிறது. கொஞ்சம் பெரியவை இவ்வளவு தூரம் வருவதே இல்லை, கால்வாய்ச் சுவரில் உள்ள கலங்களே அவற்றைப் பிடித்துவிடும்.

வடிகட்டிய நீர் ஒன்றுசேர்ந்து வெளிவாய் என்ற பெரிய துளை வழியாக வெளியேறும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அறைகள் எண்ணிக்கையில் ஏராளம் என்பதால் அங்கே நீர் மிக மெதுவாக ஊரும், கலங்களுக்குப் பிடிக்க அவகாசம் கிடைக்கும். அதே நீர் ஒரே துளையில் வந்து சேரும்போது வேகமெடுத்துப் பீறிட்டு வெளியேறும். சாரம் எடுத்த நீர் தூரப் போய்விடுவதால் அதையே திரும்ப உள்ளே இழுக்க வேண்டியிருக்காது. நல்ல ஆரோக்கியமான கடற்பஞ்சின் வெளிவாய்க்கு மேலே மிதக்கும் ஒரு துகளைக் கண்ணாடிக்கு அருகில் நின்று கவனியுங்கள். மெதுவாக இறங்கி வரும், துளைக்கு நேரே வந்ததும் யாரோ ஊதியதுபோல மேலே எழும்பிப் போகும்.

இப்படி ஒரு கடற்பஞ்சு ஒரே நாளில் தன் உடம்பைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு நீரைக் கடத்திவிடும். நரம்பும் தசையும் இல்லாத ஓர் உயிர் செய்கிற வேலை இது.

அது தின்பது துகள்களை மட்டுமில்லை. நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களையும், அதாவது அல்காவும் பவளமும் கசியவிடும் சர்க்கரை போன்றவற்றையும், சில கடற்பஞ்சுகள் பெருமளவில் எடுத்துக்கொள்கின்றன. 2013-இல் யாஸ்பர் டி ஹூய் குழுவினர் சயன்ஸ் இதழில் இதை விளக்கினார்கள். கரைந்ததை உறிஞ்சும் கடற்பஞ்சு தன் பழைய கலங்களைத் துகள்களாக உதிர்க்கிறது, அந்தத் துகள்களைப் புழு, நத்தை, நண்டு தின்கின்றன. பெரும்பாலான விலங்குகள் நேரடியாகத் தொட முடியாத உணவு இப்படி மற்றவர்களின் சாப்பாடாகிறது.

உள்ளமைப்பு இப்படி என்று தெரிந்துவிட்டால் பராமரிப்பு விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. காற்றில் தூக்கினால் நுண்ணிய கால்வாய்களில் காற்றுக் குமிழி சிக்கும், அதற்கு அப்பால் நீர் போகாது, அந்தப் பகுதி செத்து அழுகத் தொடங்கும். அதனால்தான் கடற்பஞ்சைத் தொட்டிக்கு மாற்றும்போது நீருக்குள் வைத்தே மாற்ற வேண்டும். மணலைக் கிளறிக்கொண்டே இருந்தால் துளைகள் அடைபடும். வெளிச்சம் அதிகமான இடத்தில் வைத்தால் மேலே அல்கா படர்ந்து மூடிவிடும். எனவே நிழலான, நீரோட்டம் நன்றாக உள்ள இடமே பெரும்பாலானவற்றுக்கு ஏற்றது. ஒளியில் வாழும் பற்றீரியாக்களை உடம்புக்குள்ளேயே வைத்திருக்கும் சில நீலக் கடற்பஞ்சுகள் மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும்.

மற்றவை எப்படிச் சாப்பிடுகின்றன

விசிறிப் புழுவின் விசிறி பார்ப்பதற்கு அலங்காரம். உண்மையில் அது மூச்சு விடவும் சாப்பிடவும் ஆன உறுப்பு. ஒவ்வொரு இழையிலும் பிசிர்கள், அதாவது அசையும் நுண் மயிர்கள், நீரை இழுத்துத் துகள்களை நடுவில் உள்ள வாயை நோக்கித் தள்ளும். வழியில் உள்ள பள்ளம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால் துகள்கள் அங்கேயே தரம் பிரிந்துவிடும். மிகச் சின்னது வாய்க்கு, நடுத்தரமானது குழாய் கட்ட, பெரியது வெளியே. ஃபேக்டரியில் ஓர் அறையே செய்கிற வேலையை ஒரு புழு தன் தலையில் வைத்துக்கொண்டு செய்கிறது.

சிப்பியும் மட்டியும் செவுள்களால் இதையே செய்கின்றன. இராட்சத மட்டி இதில் தனி ரகம். அதன் சதைக்குள் அல்காக்கள் குடியிருப்பதால் நல்ல வெளிச்சமே அதன் முதல் சாப்பாடு. அதன் சர்வதேச வர்த்தகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது, அதனால் வாங்குவதற்கு முன் பத்திரங்களைக் கேட்டுப் பாருங்கள். அசிடியன் உள்ளே ஒரு சளி வலையை விரித்து, அதில் சிக்கியதை வலையோடு சேர்த்து விழுங்குகிறது.

கடலில் கிடைப்பது தொட்டியில் ஏன் கிடைப்பதில்லை?

ஹிக்கடுவையிலோ திருகோணமலைப் புறாத்தீவிலோ பவளப் பாறைக்கு மேல் நீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். தெளிந்த நீர் என்றால் அதில் உணவு மெல்லிசாகத்தான் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த நீர் நிற்பதில்லை. அலையும் நீரோட்டமும் இரவு பகலாகப் புது நீரைக் கொண்டுவருகின்றன. ஒவ்வொரு துளியிலும் கொஞ்சந்தான், ஆனால் துளிகளுக்கு முடிவில்லை.

வீட்டில் இருப்பதோ 200 லீற்றர். திரும்பத் திரும்ப அதே 200 லீற்றர். வடிகட்டி உண்ணி தின்னத் தின்ன அதில் உணவு குறையும். போதாததற்கு நாமே ஸ்கிம்மர், மெல்லிய வடிபஞ்சு, புற ஊதா விளக்கு என்று பூட்டி, மிதப்பதையெல்லாம் அகற்றுகிறோம். ஸ்கிம்மர் என்பது நுண்ணிய காற்றுக் குமிழிகளில் அழுக்கை ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றும் கருவி. அது பவளத்துக்கு நல்லது. கடற்பஞ்சின் தட்டையும் அதுவே காலியாக்கிவிடுகிறது.

அப்போ தண்ணீர் சுத்தமாகாதா?

துகள்கள் குறைவதால் நீர் கொஞ்சம் தெளிவது உண்மை. ஆனால் தின்றது எங்கேயும் மறைந்துபோவதில்லை. ஒரு பகுதி உடம்பாகும், மிச்சம் அமோனியாவாகவும் கழிவாகவும் அதே நீருக்குத் திரும்பும். அமோனியாவைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்றை வெளியே எடுக்க நீர் மாற்ற வேண்டும், அல்லது அல்கா வளர்த்து அறுத்தெடுக்க வேண்டும். வடிகட்டி உண்ணிகளுக்காக நாம் கூடுதலாகப் போடும் தீனியும் இந்தக் கணக்கில்தான் சேரும். அவற்றை வைத்திருப்பவருக்கு வேலை கூடும், குறையாது. செத்துப்போனால் இன்னும் மோசம். பல கடற்பஞ்சுகள் எதிரிகளைத் தடுக்க உடம்பில் நச்சுப் பொருள்களை வைத்திருக்கின்றன. அழுகும் கடற்பஞ்சை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவைக்கக் கூடாது.

சுருக்கமாக: கடலில் உணவு மெல்லிசு, வரத்து தீராதது. தொட்டியில் வரத்தே நாம்தான். கொடுப்பதும் நாம், அதன் கழிவை அகற்றுவதும் நாம்.

மலையில் தொட்டி வைத்தால்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதந்தான். நீரில் கரையும் ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறையும். நம் ஓடைகளில் அது தெரிவதில்லை, ஏனென்றால் குளிர்ந்த நீர் ஒட்சிசனை அதிகம் பிடித்துவைக்கும். பவளத் தொட்டியையோ ஹீட்டர் போட்டு 25 பாகை செல்சியஸுக்குச் சூடாக்குகிறோம். குளிரின் நன்மை போய்விடுகிறது, உயரத்தின் குறை மட்டும் மிஞ்சுகிறது. கடற்கரையில் 25 பாகை கடல் நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும் என்றால் நுவரெலியாவில் அது 5.4 அளவில் நிற்கும். பண்டாரவளையிலும் ஹட்டனிலும் இந்த இரண்டுக்கும் நடுவில்.

வடிகட்டி உண்ணிகளை வைப்பவர் இதை ஏன் கவனிக்க வேண்டும்? நுண்ணிய தீனி ஊற்றும்போதெல்லாம் அதைத் தின்று பற்றீரியா பெருகும், அவையும் ஒட்சிசனை எடுக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஸ்கிம்மரை நிறுத்துங்கள் என்ற வழக்கமான அறிவுரைக்கு மலையில் ஒரு திருத்தம் தேவை. ஸ்கிம்மர் நீருக்குக் காற்றும் ஊட்டுகிறது. அதை இரவில் நிறுத்தாதீர்கள், அப்போது அல்காக்கள் ஒட்சிசன் தருவதில்லை, எல்லோரும் எடுக்க மட்டுமே செய்வார்கள். பகலில், விளக்கு எரிந்து சில மணி நேரம் ஆன பிறகு, ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தினால் போதும். நீர் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டிருக்கும்படி பம்பைத் திருப்பி வையுங்கள். கரண்ட் போனால் தானாக ஓடத் தொடங்கும் பற்றரிக் காற்றுப் பம்ப் ஒன்று மலைநாட்டில் அவசியம், பனிக்கால இரவில் ஹீட்டரும் சேர்ந்து நின்றுவிடும் அல்லவா.

அப்புறம் பயணம். கொழும்பில் இறுக்கமாக ஒட்சிசன் நிரப்பிய பை மேலே வர வர உப்பும், நுவரெலியா வந்து சேரும்போது உள்ளே உள்ள காற்று ஏறத்தாழ கால் பங்கு கூடுதலாக இடம் கேட்கும். பையைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். கடற்பஞ்சு இருக்கும் பையில் அது முழுதாக மூழ்கும் அளவுக்கு நீர் இருக்கிறதா என்று பாருங்கள். நானுஓயாவில் இறங்கும்போது அடிக்கும் குளிருக்கு ரெஜிபோம் பெட்டி இல்லாமல் வரவே கூடாது.

எப்படி ஊட்டுவது

கொஞ்சமாக, அடிக்கடி. வேறு தந்திரம் இல்லை. ஒரு நாளுக்கான தாவர மிதவையுயிர்க் கரைசலை ஒரே தடவையில் கொட்டினால் பாதியை ஸ்கிம்மர் எடுத்துக்கொள்ளும், மிச்சம் அழுகும். அதையே நான்கைந்தாகப் பிரித்துக் கொடுத்தால் வாய்க்குப் போய்ச் சேரும். நேரத்துக்குத் துளித் துளியாகவிடும் சின்னப் பம்ப் வாங்க முடிந்தால் நல்லது. போத்தலில் எழுதியிருக்கும் அளவில் பாதியிலிருந்து தொடங்கி, வாரா வாரம் நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் அளந்து பார்த்துக் கூட்டுங்கள். இந்தத் தொட்டியில் நைத்திரேற்று பூச்சியமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 5 முதல் 10 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன்.

நனோகுளோரோப்சிஸை வீட்டிலேயே வளர்க்கலாம். தெளிவான போத்தலில் உப்பு நீர், அல்காவுக்கான உரக் கரைசல், தாய்க் கரைசல் கொஞ்சம், மேலே விளக்கு, உள்ளே காற்றுக் குழாய். நாளாக நாளாகக் கடும் பச்சையாகும். மலைக் குளிரில் கொஞ்சம் மெதுவாக வளரும், அறையில் சூடான மூலையில் வையுங்கள். அறுவடையைக் குளிர்சாதனப் பெட்டியில் சில வாரம் வைக்கலாம், தினமும் ஒரு தடவை குலுக்க வேண்டும். உப்பு கலக்க ஆர்.ஓ. நீரே, அதாவது நுண்சவ்வு வழியாக வடித்தெடுத்த நீரே, நல்லது. காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த இடங்களில் கிணற்று நீரில் உரத்தின் நைத்திரேற்று சேர்ந்திருக்கக்கூடும். இன்னொன்று: மீன் நோய்க்கான செப்பு மருந்து இந்தத் தொட்டிக்குள் ஒரு துளிகூடப் போகக் கூடாது. மீனைக் காப்பாற்றும் அளவே முதுகெலும்பில்லாதவற்றைக் கொன்றுவிடும்.

எதில் தொடங்கலாம்?

முதலில் ஒரு டோர்ச் எடுத்து உங்கள் தொட்டியின் இருட்டான மூலைகளைப் பாருங்கள். சில மாதங்கள் ஓடிய தொட்டியாக இருந்தால், தண்ணீர் வழியும் பெட்டியின் அடியிலோ குழாய்க்குள்ளோ விரல்நுனி அளவுகூட இல்லாத வெள்ளைக் குடுவைகள், நுனியில் ஒரு வட்ட மயிர் வளையத்தோடு, நின்றுகொண்டிருக்கலாம். அவை சைகொன் கடற்பஞ்சுகள். கண்ணாடியில் குண்டூசித் தலை அளவு வெள்ளைச் சுருள்கள் இருந்தால் அவையும் வடிகட்டி உண்ணும் புழுக்களின் குழாய்கள். யாரும் வாங்கவில்லை, யாரும் ஊட்டவில்லை, ஆனால் பெருகியிருக்கின்றன. உங்கள் தொட்டியின் பற்றீரியா வரத்து அவற்றின் அளவுக்குப் போதுமானதாக இருக்கிறது. அவற்றைச் சுரண்டி எறியாமல் விட்டுவைத்து, கூடுகின்றனவா குறைகின்றனவா என்று கவனியுங்கள். எந்த அளவுகருவியும் காட்டாத ஒன்றை, அதாவது உங்கள் நீரில் நுண்ணிய உணவு இருக்கிறதா என்பதை, அவை காட்டும்.

அவை பெருகும் தொட்டியில் அடுத்ததாக ஒரு விசிறிப் புழுவை வைக்கலாம். அதன் நிலைமை வெளியே தெரியும். நிழல் பட்டதும் சடக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் திரும்ப விரித்தால் நல்ல தெம்பில் இருக்கிறது. அதிர்ச்சியில் விசிறியை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்த்துக்கொள்வதும் உண்டு. குழாய் வெறுமையாகத் தெரிகிறதே என்று உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆனால் புதிதாக வரும் விசிறி முந்தியதைவிடச் சின்னதாக, அதற்கடுத்தது இன்னும் சின்னதாக வந்தால் அது மெலிந்துகொண்டிருக்கிறது. தீனியின் அளவையும் தடவைகளையும் கூட்ட வேண்டிய நேரம் அது.

நிறமான கடற்பஞ்சை அந்தப் புழு பல மாதம் செழித்த பிறகு வாங்குங்கள். கடையில் பார்க்கும்போது வெள்ளைப் படலமோ கண்ணாடி போன்ற திட்டுகளோ இருந்தால் வேண்டாம். வீட்டில் ஓர் ஓரம் அழுகினால் நீருக்குள் வைத்தே கூரான கத்தியால் நல்ல பகுதிவரை வெட்டி நீக்கினால் மிச்சம் பிழைக்க வாய்ப்புண்டு. தீச்சிப்பி என்று விற்கும் சிவப்புச் சிப்பியையும், முழுக்க முழுக்க மிதவையுயிரை நம்பியிருக்கும் டென்ட்ரோநெப்தியா போன்ற மென்பவளங்களையும் தொடக்கக்காரர்கள் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அனுபவமுள்ளவர்கள் கைகளிலேயே அவை பெரும்பாலும் பட்டினியில் முடிகின்றன.

கடலுக்குப் போகும்போது ஒரு துண்டு எடுத்து வந்தால் என்ன என்ற எண்ணமும் வேண்டாம். ஹிக்கடுவையும் புறாத்தீவும் தேசியப் பூங்காக்கள், உயிருள்ள பவளத்தை உடைப்பது இலங்கைச் சட்டத்தில் குற்றம். 1998-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் ரீஃபிலும் பெருமளவு செத்துப்போனது. அங்கே இப்போது ஒட்டிக்கொண்டு வளரும் ஒவ்வொரு கடற்பஞ்சுக்கும் அங்கேயே வேலை இருக்கிறது. தொட்டிக்குச் செயற்கைப் பாறை போதும். அதில் சில மாதங்களில் உயிர் குடியேறிவிடும்.